பாட்டனார் கடிகாரத்தின் வயது



நம் இல்லங்களில் சில பொருள்கள் உண்டு. அவற்றை எவரும் பயன்படுத்துவதில்லை. ஆயினும் எறிந்துவிடவும் மனம் வருவதில்லை. பழைய பட்டுத்துணியில் சுற்றி, இரும்புப் பெட்டியின் அடியில், நிலப் பத்திரங்களோடு கிடக்கும் பைக்கடிகாரம் அவற்றுள் ஒன்று. 'பாக்கெட் வாட்ச்' என்றும் 'சங்கிலிக் கடிகாரம்' என்றும் நம் மக்கள் அதனை வழங்குவர். அதனை வெளியே எடுக்கும்போதெல்லாம் கூடவே ஒரு கதையும் வெளிவரும். "கலெக்டர் துரை தம் கையாலேயே கொடுத்தது" என்பார் ஒருவர். "இருநூறு ஆண்டுப் பழமை" என்பார் மற்றொருவர். "பத்தரைமாற்றுத் தங்கம்" என்பார் இன்னொருவர்.

கதை தலைமுறைதோறும் வளர்கிறது. கடிகாரமோ தன் வயதைத் தன் வயிற்றுக்குள் எழுதிவைத்துக்கொண்டு வாய்மூடிக் கிடக்கிறது. அவ்வெழுத்தை வாசிக்கும் முறை யாது என்பதனை இம்மாதம் காண்போம். இது வேலையற்றோர் ஆராய்ச்சி எனச் சிலர் எண்ணக்கூடும். இக்கேள்விக்குரிய விடையின்மேல் ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினையே நின்றதை நாம் கண்டதுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முகப்பில் உள்ள பெயர்

கடிகாரத்தைக் கையில் எடுத்தவுடன் நம் கண் முதலிற் செல்வது முகப்பில் உள்ள பெயரின்மேல். அதுவே செய்தவர் பெயர் என்று கொள்வது பலரும் செய்வது. உண்மையில் அது விற்றவர் பெயராகவே பெரும்பாலும் இருக்கும். சென்னை மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், பெயர்பெற்று விளங்கிய பி. ஆர் அண்டு சன்ஸ் கடையின் பெயர் தாங்கிய கடிகாரங்கள் தென்னாட்டில் பல உண்டு. 1886ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கிய வெஸ்ட் எண்டு வாட்ச் கம்பெனியின் கடிகாரங்கள் வட இந்தியாவிலும் நம் பக்கத்திலும் பரவின. அவற்றின் உட்பொறி சுவிட்சர்லாந்தில் உருவானது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஃபாவர் லூபா நிறுவனத்தாரும் 1865 முதல் பம்பாயில் வாணிகம் நடத்தினர். ஆகவே முகப்பு நமக்குச் சொல்வது, கடிகாரம் எந்த வாயில் வழியாக வந்தது என்பதனை. எப்போது பிறந்தது என்பதனை அறிய உள்ளே செல்ல வேண்டும்.

சாவி கொடுத்த காலம்

உள்ளே செல்லுமுன் வெளியே ஒன்றைக் கவனிப்போம். இன்றும் நாம், "கடிகாரத்திற்குச் சாவி கொடுத்தாயா?" என்று கேட்கிறோம். குமிழைத் திருகுவதற்குச் சாவி என்னும் சொல் எவ்வாறு வந்தது? முற்காலக் கடிகாரங்களுக்கு மெய்யாகவே சிறு சாவி ஒன்று இருந்தது. பின்பக்கத் துளையில் அதனை நுழைத்துத் திருகினாலன்றிக் கடிகாரம் ஓடாது. சாவி தொலைந்தால் கடிகாரமும் நின்றது. போர்த்துக்கேசியரிடமிருந்து நாம் பெற்ற அச்சொல், சாவி மறைந்த பின்னும் நம் நாவில் தங்கிவிட்டது.

சாவியின்றித் தலைக் குமிழைத் திருகியே விசையேற்றும் முறையை அட்ரியன் ஃபிலிப் என்னும் பிரெஞ்சுக்காரர் 1840களில் செம்மைப்படுத்தினார். 1844ஆம் ஆண்டுப் பாரீஸ் பொருட்காட்சியில் அவர் அதனைக் காட்டினார். ஆயினும் பழைய முறை உடனே ஒழிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் அந்நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள்வரைகூடச் சாவிக் கடிகாரங்கள் செய்யப்பட்டன. இதிலிருந்து ஒரு விதியை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். குமிழ் உள்ள சாதாரணக் கடிகாரம் 1840களுக்கு முற்பட்டதன்று என்று துணிந்து கூறலாம். சாவித்துளை உள்ள கடிகாரம் 1840களுக்கு முற்பட்டதே என்று கூறுதல் இயலாது. ஓர் அடையாளம் "இதற்கு முன்பு அன்று" என்று மட்டுமே உறுதி கூறும். "இதற்குப் பின்பு அன்று" என்று கூறாது. குடும்பக் கதைகள் பெரும்பாலும் இடறி விழுவது இவ்விடத்திலேதான்.

கூட்டினுள் இருக்கும் முத்திரைகள்

இனிப் பின்மூடியைத் திறப்போம். சிலவற்றில் விளிம்பில் நகம் நுழையுமளவு சிறு இடுக்கு இருக்கும். சிலவற்றைத் திருகிக் கழற்ற வேண்டும். எவ்வாறாயினும் அரிவாள்மணை முனையும் காய்கறிக் கத்தியும் இதற்கு ஆகா. ஐயமிருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் திறக்கச் செய்க. பலவற்றில் மூடிக்குள் மற்றொரு மூடியும் இருக்கும்.

தங்க நகையில் ஹால்மார்க் முத்திரை பார்த்து வாங்க நம் தாய்மார்கள் இன்று பழகிவிட்டனர். நம் நாட்டில் அம்முறை 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. இங்கிலாந்திலோ அது பல நூற்றாண்டு வழக்கம். அங்குச் செய்த வெள்ளிக் கூட்டின் உட்புறத்தில் சிறு சிறு முத்திரைகள் வரிசையாக இருக்கும். நடந்து செல்லும் சிங்கம் இருப்பின், 1000 பங்கில் 925 பங்கு தூய வெள்ளி என்பது பொருள். சோதித்த ஊருக்கு மற்றொரு முத்திரை: லண்டனுக்குச் சிறுத்தையின் தலை, கடலே காணாத பர்மிங்காமுக்கு நங்கூரம், செஸ்டருக்கு மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகளும் ஒரு வாளும். செய்வித்தவரின் பெயரெழுத்துகள் ஒரு முத்திரை. கடைசியாக, ஆண்டைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்து.

இந்த ஆண்டெழுத்தே நமக்கு வேண்டுவது. லண்டனில் 20 எழுத்துகளை ஆண்டுக்கு ஒன்றாகப் பயன்படுத்தினர். முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். 1876, 1896, 1916, 1936 ஆகிய நான்கு ஆண்டுகளுக்கும் 'ஏ' என்னும் எழுத்தேதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் எழுத்தின் வடிவம் மாறும். பெரிய எழுத்து சிறிய எழுத்தாகும், அல்லது எழுத்தைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவம் மாறும். ஆகவே எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வோர் 20 ஆண்டு, 40 ஆண்டு தவறிவிடுவர். மேலும் அக்காலத்தில் எழுத்து மாறியது ஜனவரியில் அன்று. லண்டனில் மே மாதத்திலும் பர்மிங்காமில் ஜூலையிலும் மாறியது. ஆதலால் ஓர் எழுத்து இரண்டு ஆண்டுகளின் பகுதிகளைக் குறிக்கும். ஜனவரி முதல் நாளில் மாறும் வழக்கம் 1975இல்தான் வந்தது.

சுவிட்சர்லாந்தாரின் முத்திரைகளோ சிறு பிள்ளைகளுக்கும் பிடிக்கும். 1880ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அவர்கள் விலங்குகளையும் பறவைகளையும் தேர்ந்தெடுத்தனர். 1000க்கு 800 பங்கு வெள்ளிக்குக் காட்டுக்கோழி. 875 பங்குக்கு நிற்கும் கரடி. 14 காரட் தங்கத்திற்கு அணில். 18 காரட்டுக்கு ஹெல்வேசியா என்னும் நாட்டன்னையின் தலை. 1887இல் பிரிட்டன் வணிகக் குறிகள் பற்றிக் கடுமையான சட்டம் இயற்றிற்று. அதன் விளைவாக 935 பங்கு வெள்ளிக்கென ஒரு புது முத்திரை எழுந்தது. அதில் மூன்று கரடிகள் உண்டு. எனவே மூன்று கரடிகளைக் கண்டால், 1887க்கு முற்பட்ட கதை எதுவாயினும் அதனை அன்போடு ஒதுக்கிவிடலாம். 1907 ஜூன் 1 முதல் பிரிட்டனுக்குள் இறக்குமதியாகும் வெள்ளி, தங்கக் கூடுகள் யாவும் அங்கே மீண்டும் சோதிக்கப்பட வேண்டும் என்ற விதி வந்தது. அவ்வாறு லண்டனில் சோதிக்கப்பட்டவற்றில் சிம்மராசியின் குறி இருக்கும். அக்குறி இருந்தால் கடிகாரம் இருபதாம் நூற்றாண்டுக்குரியது.

எண்ணும் எழுத்தும்

அமெரிக்கக் கடிகாரமாயின் வழி வேறு. மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம், இல்லினாய் மாநிலத்து எல்ஜின் ஆகிய ஆலைகள் ஒவ்வோர் உட்பொறிக்கும் வரிசையெண் இட்டன. எந்த எண் எந்த ஆண்டுக்குரியது என்ற பட்டியல்கள் வெளிவந்துள்ளன; இன்று அவற்றைக் கைப்பேசியிலேயே காணலாம். ஆனால் எந்த எண்ணை எடுத்துக்கொள்வது? கூட்டிலும் ஓர் எண் இருக்கும், பொறியிலும் ஓர் எண் இருக்கும். அமெரிக்காவில் பொறி ஓரிடத்தும் கூடு வேறிடத்தும் உருவாகி, கடைக்காரர் கையிலே ஒன்று சேர்ந்தன. ஆகையால் பட்டியலில் தேட வேண்டியது பொறியில் உள்ள எண்ணையே. கூட்டின் எண்ணைத் தேடியவர்களுக்கு, ஆலை பிறப்பதற்கு முன்னரே கடிகாரம் பிறந்ததாக விடை கிடைப்பதும் உண்டு!

பொறியில் '15 ஜுவல்ஸ்', '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதைக் கண்டு, உள்ளே பதினைந்து மாணிக்கங்கள் இருப்பதாகக் கனவு காண்போர் உளர். கற்கள் இருப்பது மெய்தான். சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழலும்பொருட்டு வைத்த மிகச் சிறு கற்கள் அவை. 1902இல் வெர்னுயில் என்னும் பிரெஞ்சு அறிஞர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்ட பின், அவற்றின் விலையும் வெகுவாய்க் குறைந்தது. அக்கற்கள் பொறியின் தரத்தைக் காட்டும், செல்வத்தைக் காட்டா.

பின்மூடியில் ரயில் வண்டி செதுக்கியிருந்தால், பாட்டனார் ரயில்வேயில் இருந்தார் என முடிவு கட்டவும் வேண்டா. 1867இல் ராஸ்கோப் என்பவர் தொழிலாளர்களுக்கென மலிவு விலைக் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அவ்வகையைப் பின்பற்றிச் செய்த எண்ணற்ற கடிகாரங்களில், விற்பனைக் கவர்ச்சிக்காகவே ரயில் படம் பொறித்தனர். ஆயினும் ரயிலுக்கும் நம் கடிகாரங்களுக்கும் மெய்யான உறவு ஒன்று உண்டு. இந்திய ரயில்கள் வெகுகாலம் சென்னை நேரத்தைக் கொண்டே ஓடின. 1906 ஜனவரி 1ஆம் நாள் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை நேரத்தை விட அது ஏறத்தாழ 9 நிமிடம் முந்தியிருந்தது. அந்நாளுக்கு முன்பே இங்கு வந்த கடிகாரம் உங்கள் வீட்டில் இருந்தால், அதன் பெரிய முள்ளை யாரோ ஒருவர் அந்த 9 நிமிடம் தள்ளி வைத்திருக்க வேண்டும்.

ஊசியால் எழுதிய எழுத்து

ஒரு பூதக்கண்ணாடி கொண்டு பின்மூடியின் உட்புறத்தை உற்று நோக்குக. முத்திரைகளைச் சுற்றி, ஊசியால் கீறியவை போன்ற மெல்லிய எழுத்துகளும் எண்களும் தென்படலாம். அவை கீறல்கள் அல்ல. துடைத்து எண்ணெயிட்ட தொழிலாளி, தன் அடையாளத்தையும் சில வேளை ஆண்டையும் அங்கே எழுதிவைப்பது வழக்கம். எத்தனை முறை அது கடைக்குச் சென்றது, எவ்வளவு கருத்தாய்ப் போற்றப்பட்டது என்பன எல்லாம் அதிலிருந்து விளங்கும்.

பெயரெழுத்துகள் செதுக்கியிருந்தால் அவற்றைக் குடும்ப வரலாற்றோடு ஒப்பிட வேண்டும். இதற்குப் பங்குக் கோயில்களில் உள்ள திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள் அரிய துணை. பாட்டனார் பிறந்த ஆண்டை நினைவிலிருந்து சொல்பவர் பத்தாண்டு தவறுவார்; பதிவேடு தவறுவது அரிது. பங்குத்தந்தையை அணுகிப் பணிவோடு கேட்டால் பார்த்துச் சொல்வார்.

ஒரு குடும்பத்தில் நிகழ்ந்தது

இப்போது, முன்னர்க் குறித்த குடும்பத்தின் செய்திக்கு வருவோம். தந்தையார் காலமான பின் அண்ணன் தம்பி இருவரும் சொத்தைப் பிரித்துக்கொள்ள இசைந்தனர். கிணற்றடி நிலம் முழுவதும் அண்ணனுக்கு. தம்பிக்கு நிலம் குறைவு. அக்குறைவுக்கு ஈடாகப் பாட்டனாரின் தங்கக் கடிகாரம். பத்திரம் பதியும் நாளுக்கு ஒரு வாரம் முன்னர் இருவரும் அதனைக் கொண்டுவந்தனர்.

"சாமி, 1857 கலகத்தில் ஒரு துரையின் உயிரைக் காப்பாற்றியதற்காக எங்கள் பாட்டனாருடைய தகப்பனாருக்குக் கிடைத்தது இது. உள்ளே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கிறது. அதைப் படித்துச் சொன்னால் பத்திரத்திலும் எழுதிவிடுவோம்" என்றார் இளையவர்.

அனுபவமுள்ள கடிகாரத் தொழிலாளி ஒருவரை வரவழைத்துத் திறக்கச் செய்தோம். பொறி வால்தம் ஆலையினது. அதன் எண்ணைப் பட்டியலில் பார்க்க, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் அது செய்யப்பட்டது எனத் தெரிந்தது. கூட்டின் உட்புறத்தில் எழுதியிருந்தது ஒரு துரையின் நன்றியுரை அன்று. '20 ஆண்டுகளுக்கு உத்தரவாதம்' என்பதே அது. தூய தங்கத்திற்கு எவரும் இருபது ஆண்டு உத்தரவாதம் கொடுப்பதில்லை. அது தேய்ந்து வேறாவதில்லை அல்லவா? பித்தளைத் தகட்டின் இருபுறமும் மெல்லிய தங்கத் தகடு பதித்துச் செய்த கூடு அது. நம் ஊர்க் கவரிங் நகைக்கு உறவினது. ஆனால் தங்கத்தின் கனம் சற்று மிகுதி. மேலுள்ள தங்கம் இத்தனை ஆண்டு தாங்கும் என்பதே அவ்வுத்தரவாதத்தின் பொருள். விளிம்பில் பித்தளை எட்டிப் பார்த்ததைத் தொழிலாளி விரலால் தொட்டுக் காட்டினார்.

பதிவேட்டையும் புரட்டினோம். பாட்டனாருடைய தகப்பனார் திருமுழுக்குப் பெற்றது 1861ஆம் ஆண்டில், பிறந்த மூன்றாம் நாள். 1857இல் அவர் எவர் உயிரையும் காத்திருக்க இயலாது.

இளையவர் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் அப்பா சொன்னது பொய்யா?" என்று கேட்டார். அவ்வினாவில் நிலத்தைவிடப் பெரியதொன்று இருந்ததை நாம் உணர்ந்தோம். பொய் என்பது வேறு, கேட்டதைக் கேட்டபடி சொல்வது வேறு என்று விளக்கினோம். பின்மூடியின் உட்புறத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னோம். அங்கே ஊசியெழுத்துகள் ஒன்பது இருந்தன. பாட்டனாரின் திருமணப் பதிவில் அவர் தொழில் ரயில் நிலைய ஊழியர் என எழுதப்பட்டிருந்தது. துரை எவரும் கொடுக்காத கடிகாரத்தை, கூலி வாங்கிய மனிதர் ஒருவர் தம் வேலைக்கென வாங்கி, ஒன்பது முறை செலவு செய்து ஓடவைத்திருக்கிறார். அவர் எவரிடமும் பரிசு பெறவில்லை; ஆனால் எவருக்கும் கடன்படவும் இல்லை.

அண்ணன் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "தம்பி, நானும் தங்கம் என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். கிணற்றுக்கு மேற்கே உள்ள தென்னைகள் உன் பேரில் இருக்கட்டும். பத்திரத்தை மாற்றி எழுதுவோம்" என்றார். அவ்வாறே எழுதினர். கடிகாரம் தம்பியிடமே இருக்கிறது. தங்கம் என்னும் பெயரால் அதனைப் பத்திரத்தில் எழுதியிருந்தால், என்றாவது ஒரு தட்டான் கடையில் உண்மை வெளிப்பட்டிருக்கும். அன்று அண்ணன் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்றே தம்பியின் மக்கள் நம்பியிருப்பர். அப்பகை எத்தனை தலைமுறை சென்றிருக்குமோ!

சில எச்சரிக்கைகள்

கடிகாரத்தின் வயதை அறிய விரும்புவோர் அதனை முதலிற் பளபளக்கத் தேய்த்துவிடுகின்றனர். தேய்க்கத் தேய்க்க முத்திரை அழியும். முத்திரை அழிந்தால் சான்று அழிந்தது. மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். பல்லாண்டு ஓடாத கடிகாரத்தைச் சோதிக்கவென்று முழு விசை ஏற்ற வேண்டா. உள்ளே எண்ணெய் பிசினாக உறைந்திருக்கும். தேங்காய் எண்ணெய் விடுவது அறவே ஆகாது. இருட்டில் ஒளிரும் எண்களைக் கொண்ட பழைய முகப்பாயின், கண்ணாடியைக் கழற்றவோ எண்களைச் சுரண்டவோ கூடாது. அக்காலத்தில் பூசிய ரேடியம் ஒளியிழந்தாலும் அதன் தீய கதிர் ஓய்வதில்லை. அதன் பாதி குறையவே ஏறத்தாழ 1600 ஆண்டு ஆகும்.

வெள்ளிக்காக எடைபோட்டு விற்பதும் உண்டு. உருக்குபவர் கூட்டை எடுத்துக்கொண்டு பொறியைக் குப்பையில் இடுவார். ஆண்டெழுத்தும் ஊசியெழுத்தும் உலையோடு போகும். விற்றே தீர வேண்டிய வறுமை இருப்பின் விற்பதில் குற்றமில்லை. ஆனால் இன்னதென்று அறிந்த பின் விற்றல் நலம்.

கூடு, பொறி, முகப்பு, முட்கள் ஆகியவை வெவ்வேறு காலத்தவையாக இருத்தலும் இயல்பே. உடைந்தது மாற்றப்பட்டிருக்கும். எனவே ஒரே சான்றைப் பற்றிக்கொள்ளாமல், எல்லாவற்றையும் ஒருங்கே நோக்குக. அவை ஒன்றோடொன்று இசைந்தால் மகிழ்க. இசையாவிடின், எந்தப் பகுதி எந்தக் காலத்தது எனத் தனித்தனியே குறித்துக்கொள்க.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இம்மாதத்திற்குள் உங்கள் வீட்டுக் கடிகாரத்தை எடுத்து, முத்திரைகளையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். அது யாருடையது, யார் வழியாக வந்தது என்பதனையும் எழுதுங்கள். உறுதியாய்த் தெரிந்ததை ஒரு பக்கத்திலும், கேள்விப்பட்டதை மறுபக்கத்திலும் எழுதுங்கள், இரண்டையும் கலவாதீர்கள். அத்தாளை மடித்துக் கடிகாரத்தோடு அதே துணியில் சுற்றி வையுங்கள். கேள்விப்பட்ட கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், கதை என்று சொல்லியே. பேரப்பிள்ளைகள் அத்துணியைப் பிரிக்கும் நாளில், அவர்கள் கையில் கடிகாரமும் இருக்கும். அதனை வைத்திருந்தவர்களின் உண்மையான பெயரும் இருக்கும்.